தட்டில் விழும் மீன்தலை

சூசையின் நெஞ்சில் ஒட்டியிருந்த வட்டமான உணர்கருவி, இதயத்தில் ஒரு நொதி கூடினால் மனைவி ரெஜினாவின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். நொதி மிகவும் கூடினால் இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்கத் தொடங்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் அவரை யாரும் கோபப்படுத்தக் கூடாது என்பது ஏற்பாடு.

நொதியை ஆராயும் டாக்டர் கயல் வரைபடத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எச்சரிக்கை வரும்போது நொதி கொஞ்சந்தான் கூடியிருக்கு. அதுக்கப்புறந்தான் எகிறுது. அப்ப வீட்டுல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்காது டாக்டர். எப்பவும் நான் திங்கிற மீன்தலைய அன்னைக்கு அவருக்கே வைப்பேன். மவன் எதுத்துப் பேச மாட்டான்," என்றாள் ரெஜினா.

"அதான் டாக்டர்! தலை என் தட்டுல விழுந்தாலே, இன்னைக்கு நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும்," என்றார் சூசை.

கயல் அங்கேயே ரெஜினாவின் போனுக்குப் போகும் எச்சரிக்கையை மட்டும் நிறுத்தினார்.

மறுநாள் மதியம் ரெஜினா மீன்தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"வாலத் தின்னுங்க, போதும். வலையக் காயப்போடச் சொன்னேனே, போட்டீங்களா?"

சூசை முணுமுணுத்துக்கொண்டே வாலைப் பிய்த்தார். கயலின் ஆய்வகத் திரையில் லேசாக ஏறியிருந்த நொதிக் கோடு, தானாக இறங்கியது.