எம்ப்ரியோ மாப்பிள்ளை

"எம்ப்ராய்டரி இல்ல கண்ணு, எம்ப்ரியோ! முட்டைக்குள்ள மொதமொதல்ல உருவாகற கரு. எங்க, சொல்லு பாக்கலாம்!" என்றார் கல்யாணத் தரகர் மருதாசலம்.

"எம்ப்ரியோ" என்றான் செல்வக்குமார். பத்து வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அவன் வாயில் எம்ப்ராய்டரி முந்திக்கொண்டு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

"ரேடியேஷன்?"

"சூடு, வெளிச்சமெல்லாம் வெளிய உடறதுங்ணா."

"அவ்வளவுதான்! பொண்ணு எம்.எஸ்சி. மாப்பிள்ளையும் அப்படித்தான்னு சொல்லி வெச்சிருக்கறேன். ரெண்டு வார்த்தைய எடுத்து உடு, போதும்."

"நாளைக்குத் தெரியாமப் போயிருங்களா?"

"தாலி கட்டுனப்புறம் எவன் கண்ணு பரீச்சை வெக்கறான்?"

மருதாசலம் அந்த வார்த்தைகளைத் தன் மஞ்சள் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதி, அவன் சட்டைப் பையில் திணித்தார்.

செல்வக்குமாருக்கு வயது முப்பத்து மூன்று. இதுவரை எட்டுப் பெண் வீடுகளில் பஜ்ஜி தின்றாகிவிட்டது. 'பத்தாவதுதானுங்களா?' என்று கேட்டே எட்டு வீட்டிலும் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பஜ்ஜிகூடக் கிடைக்காது.

சோமனூரில் பெண் வீடு. காபித் தட்டோடு வந்த சித்ரகலா ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து படித்த பாடமெல்லாம் அவனுக்குப் பறந்துபோயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும்!

"சின்னஞ்சிறுசுக, மாடியில போயி ரெண்டு வார்த்தை பேசட்டுமுங்க" என்றார் மருதாசலம், அவனைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

மாடியில் தண்ணீர்த் தொட்டியருகே நின்றார்கள். அவள் ஒரு கையை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். வெட்கம் போலிருக்கிறது. செல்வக்குமார் தொண்டையைச் செருமினான்.

"முட்டைக்குள்ள இந்த ரேடியேஷன் வளருது பாருங்க, அது பெரிய அதிசயமுங்க."

சொன்ன பிறகுதான் மாற்றிச் சொன்னது உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு!

சித்ரகலா ரொம்பக் கவனமாகத் தலையாட்டினாள். "ஆமாங்க. நல்லா வளருமுங்க."

இத்தனை படித்தவள், ஒரு கேலிச் சிரிப்புகூட இல்லாமல் தன் மானத்தைக் காப்பாற்றுகிறாளே! அவனுக்கு மனசு உருகிவிட்டது. இவளைப் போய் ஏமாற்றுவதா?

"ஏனுங்க, மன்னிச்சுக்கோங்க. நான் பத்தாவதுதானுங்க. நிட்டிங் மெஷின் ஓட்டறேன். சயின்ஸெல்லாம் இன்னிக்குக் காலையில மனப்பாடம் பண்ணுனதுங்க. புடிக்கலீன்னா சொல்லிருங்க, இப்பவே கிளம்பிர்றேன்."

சித்ரகலா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அய்யய்யோ, பெண்ணை அழவைத்துவிட்டோமே என்று பதறிக் குனிந்து பார்த்தான். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்!

மூடியிருந்த கையை மெல்ல விரித்து நீட்டினாள். வியர்வையில் நனைந்த ஒரு மஞ்சள் விசிட்டிங் கார்டு. அதன் பின்பக்கம் மருதாசலத்தின் அதே கோணல் எழுத்தில் எம்ப்ரியோ, ரேடியேஷன்.

"மாப்பிள்ளை எம்.எஸ்சி.ன்னு அந்த அண்ணன்தானுங்க சொன்னாரு. நான் பனியனுக்கு ஓரம் அடிக்கற ஓவர்லாக் டெய்லருங்க. நீங்க பத்தாவதுன்னா என்னையவிட ஒரு கிளாஸ் ஜாஸ்திங்க!"