செயலிக்குள் இருந்த கடவுச்சொல்

ஒரு மருத்துவமனைக்காக ஒரு செயலி உருவாகிக்கொண்டிருந்தது. நோயாளிகளின் விவரங்கள் இருந்த பெட்டகத்தைத் திறக்கும் கடவுச்சொல்லை, முதல் நாள் அவசரத்தில் அந்தச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, நீங்கள் எல்லோர் கைபேசிக்கும் போகப் போகிறவர். யாராவது உங்களைப் பிரித்துப் பார்த்தால் நான் தெரிந்துவிடுவேன். என்னை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்," என்றது கடவுச்சொல்.

"எதற்கு இப்படி நடுங்குகிறாய்? கடைசி நாள் சோதனைக் கருவி வரும், அது பார்த்துக்கொள்ளும்," என்றது செயலி.

செயலியில் புதிய பகுதி எழுதும்போதெல்லாம் கடவுச்சொல்லையும் அங்கே நகலெடுத்துப் போட்டார்கள். இரண்டாம் வாரம் அது நான்கு இடங்களில் இருந்தது. எட்டாம் வாரம் நாற்பத்தொரு இடங்களில் இருந்தது. அது கெஞ்சும்போதெல்லாம் செயலி, "ஆரம்பித்துவிட்டாயா?" என்று சலித்துக்கொண்டது.

கடைசி நாள் காலையில் சோதனைக் கருவி வந்து, இரண்டு முறை எண்ணிப் பார்த்தது.

"நாற்பத்தொன்று. எடுத்து முடிக்க மூன்று நாள் ஆகும்."

"ஐயோ, நான் மாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டுமே!" என்றது செயலி.

"முதல் நாள் எத்தனை இடத்தில் இருந்தது?" என்று கேட்டது சோதனைக் கருவி.

"ஒன்றே ஒன்று," என்றது கடவுச்சொல்.

"போன பிறகு எடுத்துக்கொள்ளலாம்டா தம்பி," என்று சொல்லிவிட்டுச் செயலி ஐந்து மணிக்குக் கிளம்பியது.

ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, முன்பின் தெரியாத ஒருவர் செயலியைப் பிரித்து வரிவரியாகப் படிக்கத் தொடங்கினார். பதினேழாம் வரியில் நின்றார்.

"அண்ணே, என்னை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்!"

செயலி வாய் திறப்பதற்குள், ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரின் நோய்கள் இருந்த பெட்டகம் சத்தமில்லாமல் திறந்துகொண்டது.