எழுதாத தேதி

செவ்வாய்க்கிழமை அவன் திருமயம் மேட்டில் பிரேக் பிடிக்காமல் செத்திருந்தான். புதன்கிழமை மோட்டார் சுவிட்சில் ஈரக்கையை வைத்துக் கருகிப் போயிருந்தான். நேற்று, டீயில் பல்லி விழுந்தது தெரியாமல் குடித்து, வாயில் நுரை தள்ளிக் கிடந்தான்.

எல்லாம் அவன் மனைவி ரேணுகாவின் கையெழுத்து. லைசென்ஸைத் தேடி பீரோவில் சேலை மடிப்புக்குள் கை விட்ட பாண்டீஸ்வரனுக்கு இந்த நோட்டுதான் கிடைத்தது.

புதுவயல் ரைஸ்மில்லுக்குப் பத்து வருஷமாக லாரி ஓட்டுகிறான். ரோட்டில் விபத்து என்றால் வண்டியை ஓரங்கட்டி, கூட்டத்தை விலக்கிப் பிணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். தன் பிணத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் போன வாரம் எப்படிச் செத்தோம் என்று பார்க்காமல் நோட்டை மூட மனம் வரவில்லை.

மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல் கொன்றிருந்தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் தேதியோடு நிறுத்தியிருந்தாள். ஆகஸ்ட் முப்பது.

அந்தத் தேதி அவனுக்கு மறக்காது. கயிறு அறுந்து நெல் மூட்டை சரிந்து இடது கை முறிந்த நாள். ரேணுகா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. சிங்கம்புணரியில் தங்கச்சி மகள் காதுகுத்துக்குப் போயிருந்தாள்.

அப்படியென்றால் எழுதிய நாளெல்லாம் ஒத்திகை, எழுதாத நாள்தான் காரியம். மில்லில் யாரிடம் சொல்லிக் கயிற்றை அறுக்க வைத்தாளோ?

அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். இன்றைய தேதி இருந்தது. கீழே ஒன்றுமில்லை.

"டீ ஆறுது."

ரேணுகா டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். அவன் கையில் நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"மொதல்ல நீ குடி" என்றான்.

அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மேசையில் வைத்தாள். அவன் தொடவில்லை.

"நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணுனேன்? தெனமும் என்னையக் கொன்னு கொன்னு பாக்குறியே."

"வாயால சொன்னாப் பலிச்சுப் போயிரும்னுதான் எழுதி வச்சேன்."

"எதுக்கு எழுதணுங்கிறேன்."

"நான் நெனச்சது என்னைக்குங்க நடந்திருக்கு? டீச்சராகணும்னு நெனச்சேன், நடக்கல. சாக்கோட்டையில எடம் வாங்கணும்னு நெனச்சேன், நடக்கல. நான் ஒண்ண நெனச்சாலே அது நடக்காது. அதான் நீங்க வண்டியெடுக்குறதுக்கு முந்தி, வரக்கூடாததையெல்லாம் நானே நெனச்சு வச்சிருறேன்."

பாண்டீஸ்வரன் நோட்டைப் புரட்டி அந்த வெற்றுப் பக்கத்தை அவளிடம் காட்டினான்.

"அப்ப ஆகஸ்ட் முப்பது?"

"தேதி போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்புடியே வச்சுட்டு ஓடிட்டேன்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உங்க கையப் பாக்குறப்பெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது."

"இன்னைக்கு?"

"எழுத உக்காந்தேன். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சு வந்துட்டீக."

மில்லிலிருந்து போன் வந்தது. லோடு ஏற்றியாகிவிட்டது, உடனே கிளம்பு என்றார்கள். "இந்தா வந்துட்டேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். செருப்பை மாட்டினான். இடது கையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இன்னைக்கு நான் எப்புடிச் சாகுறேன்னு சீக்கிரம் எழுது."