அலுங்கு சொன்ன பாடம்

ஜோதிமணி விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, புதுப் பச்சைச் சேலை கட்டி, கோயிலுக்கும் போய்விட்டு வந்து வாசலில் நின்றாள். கந்தம்மாளுக்குக் கண் நிறைந்து போனது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பத்து நாளாக மல்லுக்கு நின்ற மகள் இப்படி மனம் மாறுவாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

கிட்டே போய்ப் பூ வைக்கும்போதுதான் மகள் கழுத்தில் கிடந்த துளசிமணி மாலையைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"பழனிக்கு மாலை போட்டுட்டேம்மா. தைப்பூசம் வரைக்கும் விரதம். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு ஆகாது."

உள்ளே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பா வேலப்பன் பாய்ந்து வந்தார். வந்த வேகத்தில் கை ஓங்கினார். கந்தம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"ஏங்க, கழுத்துல மாலை கெடக்குங்க!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. மாலை போட்டவரை அடிக்கக் கூடாது, வையக் கூடாது, பேர் சொல்லிக்கூடக் கூப்பிடக் கூடாது. மலைமேல் இருந்த பூண்டி ஊரில் இந்தச் சட்டத்தையெல்லாம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே ஏழு வருடம் பாதயாத்திரை போன வேலப்பன்தான்.

"யாரு குடுத்த புத்தி இது... சாமி?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்தச் 'சாமி' அவர் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டு வந்தது.

"போன வாரம் ஒரு பொம்மப் படம் பாத்தேன். அதுல ஒரு அலுங்கு, அதான் எறும்புதின்னி, வருது. புலி வந்து மறிச்சதும் அது கடிக்கல, ஓடல. சுருண்டு உருண்டையாப் படுத்துக்குது. மேலெல்லாம் ஓடு. புலி நக்கிப் பாக்குது, உருட்டிப் பாக்குது, கடைசில அலுத்துப்போயிப் போயிருது."

"இருபத்திரெண்டு வயசுக் கழு..." என்று ஆரம்பித்தவர், மாலையைப் பார்த்து விழுங்கினார். "இருபத்திரெண்டு வயசுச் சாமி பொம்மப் படம் பாத்து அப்பன எதிர்க்குதா? அப்ப நான் புலியா?"

ஜோதிமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தாள். அலுங்கும் அப்படித்தானே செய்தது.

அவளுக்கு வேண்டியது நாற்பது நாள். நாற்பதாவது நாள் வனக்காவலர் தேர்வு. கல்யாணம் முடிந்து எழுதிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். கல்யாணம் முடிந்ததும் அடுப்படியை விட்டு எவளைப் பரீட்சைக்கு அனுப்பினார்கள் என்று அவள் கேட்டதற்கு, பத்து நாளாக வீட்டில் வசவுதான் பதிலாகக் கிடைத்தது. மாப்பிள்ளையின் போட்டோவைத் தரகர் மணியன் நீட்டியபோது, அவள் அதைப் பார்க்காமலேயே கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அப்பாவின் கைபேசி அடித்தது. பார்த்தார். தரகர்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஆயக்குடியில இருந்து வெள்ளனே கெளம்பியிருப்பாங்க. இந்நேரம் பாதி மலை ஏறியிருப்பாங்க. என்னான்னு சொல்றது?" வேலப்பன் எடுக்கவில்லை. திண்ணையில் கிடந்த பூண்டு மூட்டையை ஓர் உதை விட்டார். அடிக்க முடியாத ஆத்திரத்துக்கு அதுதான் அகப்பட்டது.

கைபேசி மறுபடி அடித்தது. விடாமல் மூன்றாவது முறையும் அடித்தது.

"மானத்த வாங்கிட்டீங்களே சாமி! நல்லாருங்க! அந்த மாலை கழுத்த விட்டு எறங்குற அன்னைக்கு இருக்கு ஒங்களுக்கு!"

"அன்னைக்குத் திட்டிக்கங்க. இப்ப போன எடுத்து, அவங்கள வர வேணாம்னு சொல்லிருங்க."

நான்காவது முறை அடித்ததும் வேலப்பன் வெறுப்போடு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கயிற்றுக்கட்டிலில் எறிந்தார். நீங்களே சொல்லுங்கள் என்று மகளைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் மணியன் முந்திக்கொண்டார்.

"வேலப்பண்ணே, எத்தன தடவ அடிக்கிறது? இங்க ஒரே ரகளையாக் கெடக்கு. பொண்ணு வீட்டுக்குக் கெளம்பு, வெரசா குளின்னு சொன்னா, மாப்பிள்ளப் பையன் குகன் பழனிக்கு மாலையப் போட்டுட்டு வந்து நிக்கிறான்!"

வேலப்பன் வாய் பிளந்து நின்றார்.

"கேட்டா, ஏதோ பொம்மப் படத்துல அலுங்கு சுருண்டு படுத்துச்சாம், புலி போயிருச்சாம். அவுக அப்பா அடிக்கவும் முடியாம, வையவும் முடியாம அழுதுக்கிட்டு உக்காந்திருக்காரு. மன்னிச்சுக்கங்கண்ணே. நம்ம பொண்ணு போட்டோவக் குடுத்து ஒரு வாரம் ஆச்சு, பாவிப்பய கவரப் பிரிச்சுக்கூடப் பாக்கலையாம்."

வேலப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழி இந்தப் பக்கம் இல்லை. கந்தம்மாள் பழனி இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள். ஜோதிமணிக்கும் எல்லாம் கைகூடிவிட்டது. யாரும் வரவில்லை, பேச்சு முறிந்தது, நாற்பது நாளும் முழுசாகக் கிடைத்தது. அவள் குதித்திருக்க வேண்டும்.

அவளோ முகம் சிவக்க, கட்டிலில் கிடந்த கைபேசியைப் பாய்ந்து எடுத்தாள்.

"என்னைய வேணாம்னு சொல்ல அவன் யாரு? நம்பரக் குடுங்க மணியண்ணே!"