அமைதி வேண்டாம்

“அமைதியான இடமா? அதெல்லாம் வேண்டாம்மா. வேற காட்டு.”

கடலோர விடுதிகளின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது. இந்தச் சுற்றுலா அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த முதல் விற்பனை வாசகமே அதுதான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குள் ஒரு பயணமாவது விற்காவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவளுக்கு இந்த வேலை கிடைத்ததே பெரும்பாடு.

எதிரில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ராத்திரியெல்லாம் கூத்தடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“இங்க தனிக் கடற்கரை இருக்கு சார். ஈ, காக்கா வராது.”

“ஈ, காக்கா வராத இடத்துல மனுஷனுக்கு என்னம்மா வேலை?”

“எண்ணெய் தேச்சு விடுவாங்க. பத்து வயசு குறைஞ்ச மாதிரி தெம்பா திரும்பி வரலாம்.”

“இன்னும் தெம்பாவா? ஐயோ, வேண்டவே வேண்டாம்.”

“இது படகுல விருந்து சார். நடுக்கடல்ல மெழுகுவர்த்தி வெளிச்சம். ரெண்டே ரெண்டு பேர் மட்டும்...”

“பசங்களை விட்டுட்டா? ஒருத்தர்கூட வீட்ல தங்கக் கூடாதும்மா. எல்லாரும் போகணும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு வேறு வழியாகப் போனாள். “உங்க வீட்டம்மாவுக்கு என்ன பிடிக்கும் சார்?”

“தூக்கம்.”

“அப்ப இந்த மெத்தையைப் பாருங்க. படுத்தா மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்.”

“தூங்கறதுக்கு யாராவது அவ்வளவு தூரம் போவாங்களா?”

அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அலுவலகத்துக்கு மேல் தளத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் சட்டென்று கண்களை மூடி, மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தம் ஓய்ந்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

“உடம்பு முடியலையா சார்?”

“ஒண்ணுமில்ல. நீ மேல சொல்லு.”

சொல்ல இனி என்ன இருக்கிறது? வெறுத்துப்போய், இதுவரை ஒருவரும் வாங்காத கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

“இது ஒண்ணுதான் சார் பாக்கி. உள்ளதைச் சொல்லிடறேன், ஒரே இரைச்சலா இருக்கும். பசங்க நாள் பூரா குதிக்கலாம். காலையில டிரம்ஸ் கத்துக்கொடுப்பாங்க. ராத்திரி விடிய விடிய ஆட்டம். போனவங்க சிலர் திரும்பி வரவே மனசு வரலைன்னு இன்னும் கொஞ்ச நாள் தங்கிட்டாங்களாம்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “திரும்பி வரவே மனசு வரலையாமா?”

“ஆமா சார்.”

“என்னம்மா நீ, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் என்னென்னவோ காட்டினே. இதையே போடு. ஒரு வாரம் இல்ல, ரெண்டு வாரம்.”

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். அவள் அவசர அவசரமாகக் கணினியில் தட்டினாள்.

“எத்தனை பேர் சார்?”

“பெரியவங்க ரெண்டு, பசங்க மூணு.”

“உங்க பேர்லயே பதிஞ்சுடவா?”

“என் பேர் எங்கயும் வரக் கூடாது. குலுக்கல்ல பரிசு விழுந்திருக்குன்னு நீயே போன் பண்ணிச் சொல்லிடு.”

“யாருக்கு சார்?”

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“எங்க மாடி வீட்டுக்காரங்களுக்கு.”