ஸ்டீமரின் பழைய முகம்

டாக்டர் தேவப்பிரியம் பூனையின் தாடையை இரு விரல்களால் பற்றிப் பார்த்தார். இதன் பழைய புகைப்படம் ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

கஸ்பாரும் அவர் மனைவி சிலுவையம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டின் இராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்ட பூனை ஸ்டீமர் ஒன்றுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கஸ்பாருக்கும் அதே நோய். ஒரே புட்டி இன்சுலினில் இருவர் காலமும் ஓடியது. ஆனால் பூனைக்கு வேண்டிய அளவு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

"எனுக்கு அடங்கிக்கீது டாக்டர், இதுக்கு அடங்கல. என்னியவிட இதுக்குத்தான் ஜாஸ்தி ஏத்துறேன். கிரேன் ஓட்னது நானா, இதுவா?"

ஆகவே மருந்தில் பழுதில்லை. பல்லில் சீழில்லை, சிறுநீரில் கிருமியில்லை. எஞ்சியது ஒரு சந்தேகம். மூளையின் அடியிலுள்ள சுரப்பியில் கட்டி வளர்ந்தால் முகம் அகலும், தாடை தடிக்கும், இன்சுலின் எளிதில் பலிக்காது. அப்படியானால் துணிந்து அளவைக் கூட்டலாம். இல்லையென்றால் கூட்டுவதே உயிருக்கு ஆபத்து.

கட்டியை நேரே பார்க்கும் கருவி ஊரில் இல்லை. ஒப்பிட ஒரு பழைய முகம் வேண்டும்.

சிலுவையம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஒரே ஒரு படம் இருந்தது. மகள் ஐரீன் சிறுமியாகத் தேவாலயத்தில் முதன்முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த குடும்பப் படம். பூனை இல்லாமல் உட்காரமாட்டேனென்று ஸ்டுடியோவில் அடம்பிடித்து, வெள்ளை முக்காட்டோடு அதை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் குர்ரென்ற ஒலி கப்பல் இயந்திரம் போலிருக்கிறதென்று பெயர் வைத்தவளும் அவளே. ஷிப்டு சங்கு ஊதியதும் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுக வாசலில் அப்பாவுக்காக நிற்பாள்.

வண்ணாரப்பேட்டைத் தமீமைக் கட்டிக்கொண்டு அவள் போன மறுநாள், கஸ்பார் கத்தரிக்கோலை எடுத்தார். மகளைப் பூனையோடு சேர்த்துப் படத்திலிருந்து வெட்டினார். அவள் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாதென்றார்.

"கடல்ல வீசிட்டேன்னாரு இவரு, டாக்டர். நானும் அதோட கேக்கல."

கஸ்பார் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டையின் உள்பையிலிருந்து ஜெபமாலைப் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த துண்டுப் படத்தை மேசையில் வைத்தார்.

டாக்டர் அதைச் சன்னலோரம் கொண்டுபோனார். படத்தில் ஒல்லி முகம், கூரிய தாடை. மேசையில் அகன்ற வேறொரு முகம். மாறி மாறிப் பார்த்தார். சந்தேகம் சரிதான் என்றார். அளவைக் கூட்டினால் இன்னும் சில காலம் வைத்திருக்கலாம்.

கஸ்பார் தலையாட்டினார்.

மகளின் முகத்தைப் பார்க்கும் ஆசையில் சிலுவையம்மாள் கையை நீட்டினாள்.

பூனையின் மீசை முடிகள்கூடத் தெளிவாக இருந்தன. முக்காட்டின் சரிகைப் பூவும் அழியவில்லை. அதற்குக் கீழே, ஐரீனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த வெறும் வெள்ளைத் தாள்.