ஓரம் கொறித்த பூச்சி

பழைய நாடகங்கள் நிறைந்த அலமாரிக்குப் புதிதாகக் குடிவந்த புத்தகப்பூச்சிக்கு ஒரே பதைப்பு. நாடகத்தை ரசிக்கத் தெரியாத பூச்சியைப் பல்லியக்கா ரயில் அட்டவணைக் கட்டுக்குத் துரத்திவிடுவாளாம்.

சாயங்காலமும் வந்தது, பல்லியக்காவும் வந்தாள்.

"எப்படிடா இருந்துச்சு நாடகம்?"

"எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்கக்கா. எனக்கு ஒண்ணுமே புரியல. யாரோ அழறாங்க, யாரோ சிரிக்கிறாங்க, யார் யாருன்னே தெரியல. என் மண்டையிலதான் ஒண்ணுமில்லையோன்னு பயமா இருக்கு."

பல்லியக்கா பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "இடதுபக்க ஓரம் எங்கடா?"

"பயத்துல கொறிச்சுக்கிட்டே படிச்சேன். அங்க வெறும் பேருங்கதானேக்கா வரிசையா இருந்துச்சு?"

பல்லியக்கா வாலால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மேல்தட்டுல இன்னொரு பிரதி இருக்கு. இந்தத் தடவை வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போய் உட்காரு."